சாரம் கட்டியவன்

அரியலூர்ப் பக்கம் ஒரு குடோன் சுவருக்குப் பூச்சு வேலை செய்தபோது சாரத்தின் மூன்றாவது தட்டிலிருந்து கீழே விழுந்தேன். ஆறு வருடம் ஆகிறது. இடுப்பில் கம்பி இருக்கிறது. இடது கால் வலதைவிடக் குட்டை. குந்தி உட்கார முடியாது. அண்ணாந்தால் தலை சுற்றும் என்பதால் பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்கிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், கொச்சி, பெங்களூர் என்று எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. விழுந்ததிலிருந்து போன மாதம் வரை சிறுவாச்சூரில் அக்கா வீட்டோடு கிடந்தேன்.

வலி பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. விழுந்த அன்றைய காலை என் நினைவில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் குளித்தது தெரிகிறது. அடுத்து ஆஸ்பத்திரி மின்விசிறி. கட்டை முறியவில்லை, கயிற்றுக் கட்டுதான் அவிழ்ந்தது என்றார்கள். அந்தச் சாரத்தைக் கட்டியவர்கள் இரண்டே பேர், நானும் என் கூட்டாளியும்.

கூட்டாளி பாடாலூரிலிருந்து மாதாமாதம் பைக்கில் வருவான். கொய்யாப்பழமும் தைலமும் வாங்கி வருவான். தப்பு செய்யாதவன் எதற்கு இத்தனை தடவை வருகிறான் என்று யோசிப்பேன். ஒரு மாதம் வராவிட்டால், பயந்துவிட்டான் என்று நினைப்பேன். என் காலைப் பார்த்தாலும் சந்தேகம், பார்க்காவிட்டாலும் சந்தேகம்.

"பழத்தையும் தின்னுட்டு அவனையே மொறைக்கிற," என்பாள் அக்கா. "பழத்தயாவது விட்டு வையி."

போன மாதம் ஒரு வேலையோடு வந்தான். சாரக் குழாயும் பலகையும் வாடகைக்கு விடும் கடை, பாடாலூரில். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற சாமானைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றே சேர வேண்டும். தங்க இடமும் உண்டு. அக்கா வீட்டை விட்டுக் கிளம்ப ஆறு வருடத்தில் கிடைத்த முதல் வழி. அதை இவன் கையிலிருந்தா வாங்குவது? கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அந்தத் தட்ட கட்டுனது யாருடா?"

அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். "நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்குறேன்?"

"கட்டுனவன்தான மாப்ள மொதல்ல ஏறணும். மொதல்ல ஏறுனது நீ."

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். கட்டியவன் ஏறி நின்று காட்டினால்தான் அடுத்தவன் கால் வைப்பான். முதலில் ஏறியது நான்தான் என்று மேஸ்திரியும் ஆஸ்பத்திரியில் சொன்னார். அப்போது அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

"இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

"படுத்துக் கெடக்குறவன்ட்ட வந்து, ஒன் கட்டுதான் அவுந்துச்சுன்னு சொல்லச் சொல்றியா? என்னயத் திட்டிக்கிட்டாவது எந்திரிச்சு நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

நல்ல பதில். ரொம்ப நல்ல பதிலாக இருந்ததுதான் உறுத்தியது. மறுத்துப் பேச என்னிடம் அன்று காலையின் நினைவு இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

"போறதுன்னா போ, இல்லன்னா அவனயாவது அனுப்பி வையி. வெயிலு ஏறுது," என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

சட்டையை மாற்றிக்கொண்டு பையோடு வந்தேன். பைக்கில் காலைத் தூக்கிப் போட எனக்கு நேரமாகும். அவன் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக் காத்திருந்தான்.

"தோளப் புடிச்சுக்க. ரோட்டுல லாரி ஜாஸ்தி."

நான் சீட்டுக்குப் பின்னால் இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டேன்.