ஓபாசமும் காட்டுக்கழுகும்

ஐந்தாம் வகுப்போடு எங்கள் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். நான் அந்த வருஷம் முடித்தேன். அக்கா முந்தின வருஷமே முடித்து, தம்பி பிறந்தபோது அம்மா படுத்துவிட்டதால் ஒரு வருஷம் வீட்டில் நின்றிருந்தாள். அந்தக் கோடையில் சேந்தமங்கலத்து அத்தை, ஒரு பெண்ணை மட்டும் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாகச் சொல்லியனுப்பினார்.

அப்பா எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "ஒருத்திதான் போக முடியும் கண்ணு. நீங்களே பேசிச் சொல்லுங்க."

நாங்கள் பேசவில்லை. லாரி ஓட்டும் மாமா சேலத்திலிருந்து வாங்கிவந்த மிருகச் சீட்டுக்கட்டை நான்தான் எடுத்துவந்தேன். சீட்டுக்கு ஒரு மிருகம். எடை, நீளம், குட்டிகள் என்று எண்கள் இருக்கும். முறை யாருடையதோ அவர் ஒன்றைக் கேட்பார். பெரிய எண் வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரே ஆட்டம், ஜெயித்தவள் போவது என்றேன். அக்கா தலையசைத்தாள்.

மிளகு காய்ந்துகொண்டிருந்த வாசலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்கு வந்தது ஓபாசம். தென் அமெரிக்காவில், எலியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பிராணி. கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று மாமா சொல்லியிருந்தார். கட்டிலேயே சோப்ளாங்கியான சீட்டு. அதன் முதுகில் மஞ்சள் கறை வேறு, திருப்பாமலே எங்கள் இருவருக்கும் அடையாளம் தெரியும். அக்கா கையில் மூலை மடிந்த சீட்டு. அது காட்டுக்கழுகு, குரங்கையே தூக்கிக்கொண்டு பறக்கும். கேட்கும் முறையும் அவளுடையது.

எடை என்று சொன்னால் போதும். நீளம் என்றாலும் நான் தொலைந்தேன். தொட்டிலில் தம்பி அழ ஆரம்பித்தான். உள்ளேயிருந்து அம்மா இருமினார். அக்கா எழுந்துபோய்த் தொட்டிலை ஆட்டிவிட்டு வந்தாள். மறுபடி சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"குட்டி எத்தனை?" என்றாள்.

கழுகுக்கு ஒன்று, ஓபாசத்துக்குப் பத்து. நான் துள்ளிக் குதித்த குதியில் மிளகெல்லாம் சிதறியது. அவள் குனிந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள்.

ஜூன் மாதம் அக்கா பஸ் ஏற்றிவிட வந்தபோது, எடையைக் கேட்டிருந்தால் நீ ஜெயித்திருப்பாயே என்றேன். அவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்த கேலி அது.

"மறந்துட்டேன் சாமி" என்றாள், என் பையை ஜன்னல் வழியாக நீட்டியபடி.

இவ்வளவு மறதிக்காரி பள்ளிக்கூடம் போய்த்தான் என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே, எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினேன்.