வெயிலாத்தா பெட்டி

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்தது நான்தான்.

மலேசியாவின் கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கே போகிற சாலையில், செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் எஸ்டேட். நான் அங்கே ஆபீஸ் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவன். போன வருசம் ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, ஆபீசுக்குப் பின்னால் புல்தரையில் ஒரு வெள்ளைப் பெட்டியை நட்டுவிட்டுப் போனார்கள். நாலு கால், சுற்றிலும் சாய்வான பலகைகள், மேலே கூரை, முன்னால் குட்டிக் கதவு. உள்ளே வெப்பமானி. வெயில் படக்கூடாதாம், காற்று மட்டும் போய்வர வேண்டுமாம். அன்றைய உச்ச வெப்பம் எதுவோ அதில் ஓர் ஊசி நின்றுவிடும். மூன்று மணிக்கு நான் கதவைத் திறந்து பார்த்து, நோட்டில் எழுதி, அவர்களுக்கும் அனுப்பி, ஊசியை மறுபடி இறக்கிவைக்க வேண்டும்.

மேனேஜரும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து போனால், அடுத்த நாளிலிருந்து பதினொரு மணிக்கு மேல் வெளிவேலை கிடையாது, கூலியும் பிடிக்க மாட்டோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்.

அந்த நோட்டீசால் பிழைக்க வேண்டியவர்களில் என் அக்காவும் ஒருத்தி. குலை வெட்டும்போது சிதறுகிற செம்பனைப் பழங்களைக் குனிந்து குனிந்து கோணியில் பொறுக்குவதுதான் அவள் வேலை. அம்பது வயசுக்கு மேல், முழுக்கை சட்டையும் ரப்பர் பூட்சும் தலைத்துண்டுமாக.

பெட்டி வந்த அன்று அவள்தான் கேட்டாள். "என்னடா இது, புறாக்கூண்டா?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"வெயிலாத்தா கோயிலுதான்கா. ஊருக்கே வெயிலை அளந்து விடுறவ இவதான்" என்று சொல்லி, ஆபீஸ் மேசையிலிருந்து சிவப்பு முத்திரை மையை எடுத்துவந்து தொட்டுக் கதவில் ஒரு பொட்டு வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பொட்டுக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அதற்கும் நான் சிரித்தேன். ஒரே வாரத்தில், வெட்டு வேலைக்கு வந்த வங்காளதேசத்துக்காரர்கள்கூட அதை விலகிச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

வெயில் காலம் பிறந்து, காற்றே இல்லாமல் போனது. ஆத்தாளுக்கு உடம்பு கொதித்தால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது நம் ஆட்களின் வழக்கம்தானே. பெட்டியைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி ஏறியது. தினமும் பகல் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு செம்பு தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டுப் போவாள். மூன்று மணிக்கு நான் ஈரத்துணியைத் திரைபோல விலக்கி, கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, எண்ணைச் சொல்வேன். கையில் ஒரு மணி இல்லாததுதான் குறை. அதைப் படம் எடுத்து வாட்சாப்பில் போட்டு, 'கிராணிக்குப் பூசாரி பிரமோசன்' என்று நானே எழுதியும் வைத்தேன்.

ஒரு நாள் ஊசி முப்பத்துமூன்றில் நின்றது. "இன்னைக்கு ஆத்தா கூலா இருக்கா லா!" என்று ஆபீசுக்குள் கத்திக்கொண்டே வந்தேன். அப்போதுதான் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"உங்க அக்கா மரத்தடியில விழுந்துட்டாங்கய்யா."

நிழலில் கிடத்தியிருந்தார்கள். முகம் சிவந்து, வேர்வையே இல்லாமல். கிளினிக்கில் இரண்டு பாட்டில் ஏற்றிய பிறகுதான் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெளிந்தாள். நான்கு நாளில் திரும்ப வேலைக்கு வந்துவிட்டாள். வெயிலும் அவளோடு வந்தது. நோட்டில் மட்டும் ஒரு நாளும் முப்பத்தைந்து வரவில்லை. நோட்டீஸ் சுவரில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். ரவாங் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், உங்க நம்பரைப் பாத்து எங்க லேப்பே குழம்பிப் போச்சு. சுங்கை பஞ்சாங் வயல்ல கொதிக்குது, டவுன்ல கொதிக்குது, இங்க மட்டும் குறையுது. இந்த மாதிரி நோட்டுகளை வச்சுத்தான் இன்னும் இருபது முப்பது வருசத்துல வெப்ப அலை எத்தனை தடவ வரும், எத்தனை நாள் நிக்கும்னு கணக்குப் போடுறோம். உங்க நோட்டை நம்பினா சிலாங்கூர் பூராவும் வேகும், உங்க எஸ்டேட் மட்டும் குளுகுளு கேமரன் மலை ஆயிடும்."

அங்கிள் என்றது வலித்தது. ஆனால் என் தலையைப் பார்த்தால் அவள் அளவீடு சரிதான். பின்னால் கூட்டிப் போனேன்.

மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், பொட்டு. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு சொட்டைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"இதுக்கு யாரு அங்கிள் பூசாரி?"

"நான்தான்மா."

ஈரத்துணி காயக் காய உள்ளே போகிற காற்று குளிர்ந்துவிடும் என்று விளக்கினாள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். பானை எனக்குத் தெரியும். ஈரத்துணியும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. வெயிலைக் குளிப்பாட்டிவிட்டு அளந்திருக்கிறேன். அக்கா விழுந்ததற்கு முந்தைய எத்தனை நாள் முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும்? அந்த மாதக் கணக்கு முழுவதையும் அந்தப் பெண் அடித்துவிட்டாள். மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "இனிமே ஒழுங்கா எழுது, இன்னையிலிருந்து மூணு நாள் பாப்போம்" என்றார்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ ஊத்துன தண்ணிதான்கா சூட்டைக் குறைச்சுக் காட்டுச்சு."

"குறைச்சுக் காட்டுச்சா, குறைச்சுச்சா?"

"பெட்டிக்குள்ள மட்டும் குறைஞ்சுச்சு."

"பெட்டிக்குள்ளதானடா அவ இருக்கா? நீதானே சொன்ன!"

துணியைக் கழற்றினோம். முத்திரை மை போகவேயில்லை.

முதல் நாள் முப்பத்தைந்தரை. இரண்டாம் நாள் முப்பத்தாறு. மூன்றாம் நாள் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சன்னலுக்குப் போவேன், வருவேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி போவேன். அடிக்கடி கதவைத் திறந்தால் கணக்குக் கெடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். மூடிய பெட்டியையே முறைத்தேன். ஒரு மணிக்குக் கடல் பக்கமிருந்து மேகம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேகத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். வெளியே அக்கா குனிந்துகொண்டிருப்பாள். மேகம் போனால் அவளுக்குச் சூடு, போகாவிட்டால் லீவு இல்லை. எதை வேண்டிக்கொள்வது?

மூன்று மணிக்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். முப்பத்துநாலே முக்கால் என்றால் என்ன எழுதுவேன்? கதவைத் திறந்து உள்ளே இரண்டு ஊது ஊதினால் யாருக்குத் தெரியும்? பேனா எனக்கு முன்னாலேயே பொய் சொல்லத் தயாராக நின்றது.

ஊசி முப்பத்தைந்தைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. மண்டோரையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்த பிறகுதான் எழுதினேன். என்னை நம்புவதற்கு நானே தயாராக இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு விசில் ஊதினார்கள். செம்பனை வரிசையிலிருந்து அக்கா வந்தாள், பழக்கதோசத்தில் கையில் செம்போடு. பெட்டி முன்னால் நின்றாள்.

"பாத்தியா? நான் ஊத்துனவரைக்கும் குறைஞ்சிருந்துச்சு. நிறுத்துனேன், ஏறிடுச்சு. படிச்சவனாம், கிராணியாம்!"

"அப்படி இல்லக்கா..."

"அவளுக்கு ஊத்தக் கூடாது. அவ்வளவுதானே?"

செம்பு முழுக்க என் தலையில் இறங்கியது. மண்டோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா செம்பை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள், உச்சி வெயில் ஏறுவதற்குள்.

மூன்று மணிக்குள் சட்டை காய்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன். நேற்றைவிட அதிகம்.