பாஸ் இருந்தும் டிக்கெட் வாங்கியவர்

ஆராவமுதன் சார் இறந்துவிட்டார் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர்தான் சொன்னார். "நம்ம ஸ்ரீரங்கத்து ஆராவமுதன் சார் காலையில போயிட்டாருங்க." யார் சொன்னது என்று கேட்டேன். எந்த வண்டியில் சேதி வந்தது, கொண்டுவந்தவர் நேரில் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்று கேட்டேன். டைம் கீப்பர் அலுத்துப்போய், "இதுக்கெல்லாம் டிக்கெட்டா காட்ட முடியும் இன்ஸ்பெக்டர் சார்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தே தலை நரைத்தவன் நான். எதிரே இருப்பவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் தொழிலில் பேச்சையே தொடங்குவோம். காவிரிப் பாலம் தாண்டிப் போய், உத்திர வீதியில் அவர் வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

நம் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அன்று கொள்ளிடக் கரையில் என் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் என் காதோடு சொன்னார்: "ஒற்றனா இருந்தாலும் மனுஷன் தங்கமானவருங்க." பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கோ அது பொறுக்கவில்லை. இத்தனை வருடங்கள் கழித்து, சிதைக்குப் பக்கத்திலும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. இப்போது நான் பேசாவிட்டால் பேச வேறு யாரும் இல்லை.

சார் எங்கள் கம்பெனியில் டிக்கெட் பிரிவின் தலைமைக் குமாஸ்தா. டிக்கெட் கட்டுகளை எண்ணிக் கண்டக்டர்களிடம் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் அவர் பொறுப்பு. நெற்றி நிறையத் திருமண், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, பஞ்சகச்சம், குடை. ஆபீஸில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து வரும் கூஜாவைத் தவிர வேறெதையும் தொடாதவர். அப்பேர்ப்பட்டவர் மீது எனக்கு முதல் சந்தேகம் வந்தது துறையூர் போகும் வண்டியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

மண்ணச்சநல்லூரில் நான் சோதனைக்கு ஏறினேன். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகரப் போனேன். அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அவரிடம் கம்பெனி பாஸ் உண்டு. எந்தத் தடத்திலும் சும்மா போகலாம். "பாஸ் என்ன ஆச்சுங்க சார்?" என்றேன். "ஆத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்ப வயலைப் பார்த்தார். துறையூரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றதற்கு, "ஒருத்தரும் இல்லை," என்றார். டிக்கெட் வாங்காமல் பயணம் செய்கிறவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். பாஸை வீட்டில் வைத்துவிட்டுக் கைக்காசு போட்டு, யாருமே இல்லாத ஊருக்குப் போகிறவரை அன்றுதான் பார்த்தேன். திருடன் கூட அவ்வளவு சந்தேகத்தைக் கிளப்ப மாட்டான்.

கண்டக்டர்களுக்கும் சந்தேகம் வந்திருந்தது. சனிக்கிழமை தோறும் சார் ஏதாவது ஒரு தடத்தில் ஏறுகிறார், டிக்கெட் வாங்குகிறார், கடைசி ஊரில் இறங்கிக் காணாமல் போகிறார், சாயங்கால வண்டியில் திரும்புகிறார் என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி கண்டக்டர்களை வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறார் என்ற வதந்தி வேறு அப்போது பலமாக இருந்தது. இந்த நேரத்தில்தான் மருங்காபுரித் தடத்தில் தங்கராசு என்ற கண்டக்டருக்கு வேலை போனது. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கவில்லை என்று குற்றச்சாட்டு. அதில் பொய்யில்லை, தங்கராசுவே ஒப்புக்கொண்டார். ஆனால் காட்டிக்கொடுத்தது யார்? அதற்கு முந்தின சனிக்கிழமை அந்த வண்டியில் ஆராவமுதன் சார் இருந்திருக்கிறார். அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

அன்று முதல் சார் பஸ் ஷெட்டுக்குள் வந்தால் பேச்சு நின்றது. டிக்கெட் கட்டு வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்கள். ஒருநாள் அவர் நாற்காலியில் யாரோ கிரீஸைத் தடவி வைத்துவிட்டார்கள். பஞ்சகச்சத்தோடு எழுந்து பார்த்துவிட்டு, "கரியா, எண்ணெயா?" என்று மட்டும் கேட்டார். எண்ணெய் என்றேன். "அப்போ சீயக்காய் போட்டா போயிடும்," என்றார். கோபமே வராத மனிதர்களை நான் நம்புவதில்லை. எதையோ மறைக்கிறார் என்று அப்போதுதான் முடிவு கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவரைப் பின்தொடர்ந்தேன். முதலாளியை ரகசியமாகச் சந்திக்கிறாரா, அல்லது வேறு ஏதாவது தொடுப்பா, இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது. பொன்மலை போகும் டவுன் பஸ்ஸில் முன்னால் ஏறினார். நான் பின்னால் ஏறி ஒரு பருமனான மனிதருக்குப் பின்னே மறைந்துகொண்டேன். இறங்கியவர் ரயில்வே குடியிருப்புக்குள் நுழைந்து, வேப்பமர நிழலில் நடந்து, சிவப்பு ஓடு போட்ட ஒரு வீட்டின் கேட்டைத் திறந்தார். கதவைத் திறந்தவர் கவுன் போட்ட ஒரு ஆங்கிலோ இந்திய அம்மாள். சார் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. என் மனம் எங்கெங்கே போனது என்று இங்கே எழுதப் போவதில்லை. நாமக்காரர் நம்மை எல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினேன்.

அது ஒரு சின்ன பேக்கரி. வீட்டின் முன்னறையில் மேஜைகள் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்த ரயில்வேக்காரர் இருவர் ஒரு மூலையில் இருந்தார்கள். ஜன்னலருகே, குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஆராவமுதன் சார் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ. தட்டில் ஒரு துண்டு பிளம் கேக், இரண்டு வெண்ணெய் பிஸ்கட். டீயைச் சாஸரில் ஊற்றி, ஆற்றி, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே நான் நின்றிருந்தேன்.

"ஓய் சூசை, பிடிச்சுட்டீரா? சரி, உக்காரும்."

"யாரைப் பார்க்க வந்தீங்க சார்?"

"ஒருத்தரையும் இல்லை. வாரத்துல ஆறு நாள் எல்லாரையும் பாத்துண்டுதானே இருக்கேன், போறாதா?"

கேக்கைப் பார்த்தேன். நான் கிறிஸ்தவன், கேக்கில் என்ன சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "சார், இதுல முட்டை..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "கேக்காத கேள்விக்குத் தோஷம் கிடையாது, ஓய்."

பிறகு அவரே விளக்கினார். வீடு, கோயில், ஆபீஸ், மறுபடி வீடு என்று செக்குமாடாகச் சுற்றி வந்தவர், ஒரு சனிக்கிழமை ஏதோ யோசனையில் தவறான வண்டியில் ஏறிவிட்டாராம். இறங்கிய ஊரில் மழை. ஒதுங்கிய இடம் ராவுத்தர் ஒருவரின் டீக்கடை. அங்கே ஒரு டீயும் சூடான வெங்காய பஜ்ஜியும் சாப்பிட்டிருக்கிறார். "அன்னிக்குத்தான் எனக்கே நான் விருந்தாளியா வந்த மாதிரி இருந்துது," என்றார். அதிலிருந்து வாரம் ஒரு புது ஊர், ஒரு புதுக் கடை. ஸ்ரீரங்கத்தில் காபி, பஸ் ஏறினால் டீ. பாஸ் இருக்க டிக்கெட் எதற்கு என்று கேட்டேன். "பாஸ்ல போனா அது கம்பெனி வேலை. டிக்கெட் வாங்கினாத்தான் அது என் பிரயாணம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இதை ஷெட்டுல சொல்லிட்டா முடிஞ்சுதே சார். திங்கட்கிழமை உங்களைக் கூப்பிட்டு வச்சுக் கேக்கப் போறாங்க. நீங்க ஏறுற வண்டியை எடுக்க மாட்டோம்னு சொல்றாங்க," என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். மகளுக்கு வரன் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீடு அடுத்த தெருவில், கோயில் கைங்கரியக் குடும்பம். சம்பந்தி ஆகப் போகிறவர் பிரயாணம் போனால் பட்டினி கிடந்தாலும் கிடப்பார், வெளியில் கை நனைக்க மாட்டார். ஷெட்டில் சொன்னது பாலம் தாண்ட எத்தனை நேரம் ஆகும்? "ஒற்றன்னு சொன்னா என் பேரு கெடும். கேக் தின்னான்னு சொன்னா அவ கல்யாணம் கெடும். எது தேவலைன்னு நீரே சொல்லும்," என்றார்.

பிறகு சத்தியம் கேட்டார். "பெருமாள் மேல வேண்டாம், அவர் உமக்குப் பழக்கமில்லை. உம்ம மாதா மேல பண்ணும்." பண்ணினேன். இந்த மனிதர் இதையும் ஒரு கதையாகக் கட்டியிருப்பாரோ என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது.

திங்கட்கிழமை ஷெட்டில் கண்டக்டர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவர் நிதானமாகத்தான் கேட்டார்: "சனிக்கிழமை எங்க போறீங்க, எதுக்குப் போறீங்க? ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், நாங்க நம்புறோம்." சார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். என்னையும் பார்த்தார். "சொல்றதுக்கில்லை," என்றார். அவ்வளவுதான். ஒருவர் காறித் துப்பினார், கூட்டம் கலைந்தது. கையில் டிக்கெட் கட்டுகளோடு அவர் தன் அறைக்குத் திரும்பி நடந்ததை அங்கே இருந்த நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். குற்றவாளி நடக்கிறான் என்று நினைத்தீர்கள். மகளின் தாலிக்காக ஒரு தகப்பன் நடந்த நடை அது.

தங்கராசுவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒருவர் மீது சந்தேகம் உண்டு. சார் இறந்த அன்று அவர் ஸ்ரீரங்கத்துக்கு மாலையோடு வந்திருந்தார். எல்லோரையும்விடப் பெரிய மாலை.

அதன்பின் சார் நம் கம்பெனி வண்டியில் ஏறுவதை விட்டார், சனிக்கிழமையை விடவில்லை. போட்டிக் கம்பெனி பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் போனார். சில தடவை என்னையும் அழைத்துப் போனார். திருவெறும்பூரில் ஒரு கடையில் நான் நின்றபடி டீயை வாங்கி, நிறம் சரியில்லையே, பால் தண்ணீரோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவர் என் தோளை அழுத்தி பெஞ்சில் உட்கார்த்தினார். "புது ஊர்ல முதல் டீயை நின்னுண்டு குடிக்கப்படாது. உக்காந்து குடிச்சாத்தான் ஊர் நம்மளப் பாக்கும்." டீ சுமார்தான். ஆனால் அந்த மாலை வெயிலும் அவர் தேடிப் பிடித்து வாங்கிய சூடான தேங்காய் பன்னும் இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணம் முடிந்ததும், இனி சொல்லலாமா என்று கேட்டேன். "அவ புக்காத்து மனுஷாளும் நம்ம ஊர்லதானே இருக்கா," என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். அதுவரை அந்த அம்மாவிடம் நான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தவர், மகள் உள்ளே போனதும் மெல்லக் கேட்டார்: "சனிக்கிழமை சனிக்கிழமை அவர் எங்கே போவார்னு உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

நான் உஷாரானேன். ஆழம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். தெரியாதுங்க என்றேன். அந்த அம்மா லேசாகச் சிரித்தார்.

"கோட்டைத் தோய்க்கறவ நான். பையில துகள் துகளா இருக்கும், எறும்பு மொய்க்கும். வெண்ணெயும் ஏலக்காயுமா ஒரு வாசனை. ஒருநாள் நானும் ஒரு துளி வாயில போட்டுண்டு பாத்தேன்."

அதற்குமேல் மறைக்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். துறையூர், ராவுத்தர் கடை, பொன்மலை, பூப்போட்ட கோப்பை. ஷெட்டில் அவர் வாங்கிக்கொண்ட பெயரையும் சொன்னேன். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் அங்கே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை எழுதலாமா, பெண்ணுக்குச் சங்கடம் வருமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. சம்பந்தியே இப்போ ரயிலடி இட்லி சாப்பிடறார்," என்றார். பிறகு, "அதுல முட்டை இருக்குமோ?" என்று கேட்டார். கேட்காத கேள்விக்குத் தோஷமில்லை என்று சார் சொல்வாருங்க என்றேன்.

"ஒரு தரம் என்னையும் கூப்பிட்டிருந்தா, நானும் வந்திருப்பேன்," என்றார்.

பாலத்தின் மேல் பஸ் வரும்போது எனக்கு அதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. சாரை ஊரே சந்தேகப்பட்டது. நான் ஊரையே சந்தேகப்பட்டேன். அந்த அம்மா வருவார் என்று மட்டும் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் என் மனைவியை நல்ல சேலையாக உடுத்திக்கொள்ளச் சொன்னேன். என்ன விஷயம், எங்கே, யாருக்கு என்ன ஆயிற்று என்று அவள் அடுக்கடுக்காகச் சந்தேகப்பட்டாள். என்னோடு வாழ்ந்தவள், வேறு எப்படி இருப்பாள்? துறையூர் வண்டியில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டேன். அவருக்கு என்னைத் தெரியும். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் பாஸ் இருக்குதே, என்ன ஆச்சுங்க சார்?" என்றார்.

"வீட்ல இருக்கு," என்றேன்.