ரஷ்யக் கிண்ணத்தில் ஊற்றிய தேத்தண்ணி

பேய், செய்வினை, கண்ணூறு எதுவும் எனக்குச் சரிவராது. நான் இரசாயனம் படித்தவள், இங்கே ஒரு பிரெஞ்சுக் காப்புறுதி அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன், மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் ஆட்கள் நூல் கட்டச் சொல்ல நான் நேரே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போனவள். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்கிறேன். நம்புங்கள், அல்லது மனிசிக்கு வயது போகுது என்று சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

மகள் அபிராமி இங்கே எங்கள் சனம் நிறைய இருக்கிற மார்க்ஸ் டோர்மோயில் வளர்ந்த பிள்ளை. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் எல்லாம் மருந்தகம், கணக்கு, கொம்பியூட்டர் என்று போக, இவள் கல்லும் பொன்னும் வைத்துச் செய்த பழைய பொருட்களைத் திருத்துகிற படிப்புக்குப் போனாள். "உடைஞ்சதை ஒட்ட அஞ்சு வருசப் படிப்போ? லா சப்பல் தமிழ்க்கடையளிலை ரெண்டு ஈரோவுக்குப் பசை விக்குது" என்று என் அண்ணை பகிடி விட்டார். நான் மனதுக்குள் நினைத்தேன், பொறுங்கோ அண்ணை, ஒரு நாளைக்கு நீங்களே பாப்பியள் என்று.

படிப்பு முடிய மதாம் கிளேர் என்கிற பெண்ணின் அத்தெலியேயில், பழைய பொருள் திருத்துகிற பட்டறையில், தற்காலிக வேலை கிடைத்தது. நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்பதை முதல் தடவை தனியாகச் செய்கிற பொருளைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று மதாம் சொல்லிவிட்டார். அந்தப் பொருள்தான் இந்தக் கிண்ணம். ரஷ்யாவில் மன்னர் காலத்தில் செய்தது, கோவ்ஷ் என்று பெயராம். ஒரே பச்சைக் கல்லைக் குடைந்து வாத்து நீந்துகிற மாதிரிச் செதுக்கி, வால் இருக்கிற இடத்தில் பொன்னால் பிடி வைத்திருந்தார்கள். கல் அவ்வளவு மெல்லிசு, அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தால் இந்தப் பக்கம் தெரியும். அப்படிப் பிடித்தால் இன்னொன்றும் தெரியும், விளிம்பிலிருந்து அடிவரைக்கும் மயிர் போல ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பை ஒன்றும் செய்ய ஏலாது, கழன்ற பிடியை மட்டும் ஒட்டு, கிண்ணத்துக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கட்டும் என்றார் மதாம். சூடு பட்டால் இளகுகிற பசை, வேண்டுமென்றால் பிறகு கழற்றலாம் என்பதற்காக அப்படி. இரவு பகலாக அதே கதைதான் வீட்டில்.

கிண்ணத்தின் சொந்தக்காரர் வந்து எடுத்துப் போகிற சனிக்கிழமை என்னையும் வரச் சொன்னாள்.

"அம்மா, ஒரு பக்கமா நிண்டு பாருங்கோ. ஒண்டையும் தொடக்கூடாது, விளங்குதோ?"

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சின்னப்பிள்ளையெண்டா சொன்னாக் கேக்கும்."

நான் பட்டுச்சேலைதான் உடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம், நல்ல வெயில், யன்னலோரம் மேசையில் ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் அந்தக் கிண்ணம். என் பிள்ளை செய்தது. வாசலில் மணி அடிக்க அபியும் மதாமும் கதவடிக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் ஆட்களின் பாத்திரத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டு மொரோக்கோக்காரியின் சட்டியைக்கூட ரெண்டு வடையாவது வைத்துத்தான் கொடுப்பேன். அதை நம்பிக்கை என்று சொல்லமாட்டேன், மரியாதை. கோயிலுக்கென்று லா சப்பலில் வாங்கின கற்கண்டு கைப்பையில் இருந்தது. ஒரு கட்டியை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கிண்ணத்துக்காரர் முசியே நிக்கொலா உள்ளே வந்தார், எண்பது தாண்டிய மெலிந்த மனிதர், பொல்லு ஊன்றிக்கொண்டு. நேரே கிண்ணத்தடிக்குப் போனார், கற்கண்டைக் கண்டார், முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தங்கள் ரஷ்ய ஆட்கள் சீனிக்கட்டியோடுதான் தேத்தண்ணி குடிப்பார்கள், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மதாமைக் கேட்டார். மதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விருந்தாளிகளுக்கென்று பக்கத்தில் வைத்திருந்த தேத்தண்ணிக் கேத்தலை மனிதர் தூக்கினதும், கிண்ணத்துக்குள் சரித்ததும் ஒரு மூச்சில் நடந்துவிட்டது. ஆவி பறக்கிற தேத்தண்ணி.

"நோ, முசியே" என்ற மதாமின் குரல் மட்டும் கேட்டது. அபி பாய்ந்துபோய் இரண்டு உள்ளங்கையையும் கிண்ணத்துக்கு அடியில் ஏந்தினாள். நான் நினைத்தேன், முடிஞ்சுது, என்ரை பிள்ளையின்ரை வேலையை நானே முடிச்சிட்டன்.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். வெயில் கல்லுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது, அந்த வெடிப்பு எனக்கு நேர் எதிரே, கறுப்பாக, நன்றாகத் தெரிந்தது. அது அசைந்தது. துணியிலிருந்து நூலை உருவினால் எப்படிப் போகும், அப்படி, விளிம்பில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே, அபியின் கை இருந்த பக்கமாக இறங்கி இல்லாமல் போனது. நான் கண்ணை மூடவில்லை. மயங்கவும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிடியும் அசையவில்லை. முசியே நிக்கொலா அந்தப் பொன் பிடியில் பிடித்துத் தூக்கி நிதானமாகக் குடித்தார், கண்ணில் தண்ணீர் வர, தன் தாயின் தகப்பனுக்குப் பிறகு இதில் குடிக்கிற முதல் ஆள் தான்தான் என்றார். மதாம் கிளேர் கிண்ணத்தை வாங்கித் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அபியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். எப்படிச் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. தொழில் இரகசியம் என்று நினைத்திருப்பார். அடுத்த கிழமையே நிரந்தர வேலைக் கடிதம்.

திரும்பி வருகிறபோது மெத்ரோவில் இறங்குகிற இடம் வர அபி சொன்னாள், "அம்மா, நான் அந்த வெடிப்பைத் தொடவேயில்லை."

"உன்ரை கைராசி பிள்ளை" என்றேன். நான் கண்டதைச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தச் சந்தோசம் இருக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது அவளுக்கென்று பெயர் இருக்கிறது. தூர நாட்டிலிருந்தெல்லாம் கல்லுப் பாத்திரங்களை அவளின் பெயர் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ரஷ்யக் கிண்ணத்தைப் போலச் செய்துதரக் கேட்டால், ஏலாது என்று நேராகச் சொல்லிவிடுவாள், மற்றதெல்லாம் அவளுடைய சொந்தத் திறமை. அண்ணை இப்போது லா சப்பலில் காண்கிற ஆட்களுக்கெல்லாம் "என்ரை மருமகள்" என்றுதான் கதையைத் தொடங்குகிறார். நானும் குறைந்தவள் இல்லை, மரக்கறிக் கடையில் வரிசையில் நின்றாலும் சொல்லுவேன்.

போன வருடம் அவளின் கலியாணத்துக்குக் காப்பு எடுக்க நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி காப்பு ஏறுவதற்காக அவளின் வலது கையில் சவர்க்காரம் பூசினவர், சட்டென்று நிறுத்தி உள்ளங்கையைத் திருப்பினார்.

"இதென்ன அக்கா, பிள்ளைக்குக் கையிலை வெட்டுப் பட்டதே?"

பார்த்தேன். பெருவிரலடியில் தொடங்கி மயிர் போல ஒரு கோடு. கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. தொட்டேன். கை முழுக்கச் சூடு, அந்தக் கோட்டில் மட்டும் குளிர்.

"அது பிறந்ததிலையிருந்தே இருக்கு, அம்மாக்கு மறந்துபோச்சு" என்று அபி அந்தத் தம்பிக்குச் சொல்லிச் சிரித்தாள். பொய் சொல்லுகிற முகம் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறாள்.

நான் பெற்று, எண்ணெய் பூசி, குளிப்பாட்டி வளர்த்த கை அது. அதில் கோடு இருக்கவில்லை.

அவள் வீட்டுக்கு வருகிற ஞாயிறுகளில் ஏதாவது சாட்டுச் சொல்லி அந்தக் கையைப் பிடித்துப் பார்ப்பேன். நகைக்கடையில் கண்டபோது கோடு உள்ளங்கைக்குள் நின்றது. இப்போது மணிக்கட்டைத் தாண்டிவிட்டது.