மடியில் வாங்காத பை

தாம்பரம் மின்சார ரயிலில் உட்கார்ந்திருப்பவர், நிற்பவரின் பையை மடியில் வாங்கிக்கொள்வது வழக்கம். வெளுத்த சஃபாரி போட்ட அந்த மனிதர் மட்டும் வாங்க மாட்டார். பையை நீட்டினால் எழுந்து இடத்தையே கொடுத்துவிடுவார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"கோலாலம்பூர் போறப்ப தெரிஞ்சவர் ஒருத்தர் பை குடுத்துவிட்டாரு சார். உள்ள இருந்தது இங்க ஆபரேஷனுக்குப் போடுற மயக்க மருந்து, அங்க அது பசங்களுக்குப் போதை. யார் விக்கிறதுன்னு அங்க சண்டை. பை வாங்க வந்த பையனை என் கண்ணெதிர்லயே வெட்டுனானுங்க."

"இப்ப அவங்க உங்களை விட்டுட்டாங்கல்ல?"

"பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்கிறான்னு அவங்களுக்குத் தெரியும் சார்."

அடுத்த வாரம் அவர் மடியில் ஒரு புதுப் பை இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். விமான நிலையத்துக்கு இறங்கும் திரிசூலம் வந்ததும் எழுந்தார்.

"உக்காருங்க சார்" என்றார், எப்போதும்போல.