பஸ்ஸில் என்னைக் கூப்பிட்ட அக்கா

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களிடம் பேசி தைரியம் சொல்வது என் வேலை. அவர்களை வெளியே எங்கு பார்த்தாலும் தெரியாதது போலக் கடந்துவிடுவேன்.

இன்று காலை தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அக்கா. அருவிக்குப் போகும் வழியில் பழம் விற்பவர். ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். "வெளிய தெரிஞ்சா எங்கிட்ட யாரு பழம் வாங்குவா?" என்று முதல் நாள் அழுதவர்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன மேடம், பாக்காத மாதிரி போறிய? இங்கன வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற பெண், "யாருக்கா இவிய?" என்று கேட்டார். 'தெரிஞ்சவங்க' என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குல்லா, அதுக்கு மாத்திரை எடுக்க வச்சது இவியதான். இப்ப ரத்தத்துல கிருமியே தெரியலன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார் அக்கா, சுகரைப் பற்றிச் சொல்வது போல.

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் நகர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ என் பக்கம் குனிந்து, "நானும் வந்து டெஸ்ட் எடுக்கலாமா மேடம்? யாருக்கும் தெரியாதுல்லா?" என்றார்.

"யாருக்கும் தெரியாது. நாளைக்கே வாங்க."

"பயமா இருந்தா நானும் கூட வாறேன் தங்கச்சி" என்றார் அக்கா.

இறங்கும்போது, "இத பேரு போடாம நெட்ல எழுதிக்கோங்க" என்று அக்காவே சொன்னார். எழுதிவிட்டேன்.

'எனக்கெல்லாம் எதுக்கு டெஸ்ட்?' என்பவர்கள் கமெண்டில் வாருங்கள். உங்களுக்கும் துணைக்கு வர அக்கா தயார்.