உத்தரவு போகாத கம்ப்யூட்டர்

ஆயர் குரோ ஊரில், எங்கள் வீட்டில் இருந்தபடியே என் மருமகள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அவள் கம்பெனியின் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், அதில் நடப்பதையெல்லாம் குறித்து அனுப்ப ஏஜென்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டாம். எதைக் குறிக்க வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று எல்லா ஏஜென்டுக்கும் இவள் இங்கிருந்தே ஒரே தடவையில் உத்தரவு அனுப்புவாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. தங்க வந்திருந்த தன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். வயிறு எரிந்தது. நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கூச்சத்தில் கேட்டதில்லை.

அன்று, புதிதாக வைத்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உத்தரவு போகவில்லை.

"இன்னொரு தடவ அனுப்பு லா," என்றார் சம்பந்தி, பெரிய ஆபீசர் மாதிரி. மூன்று தடவை அனுப்பியும் போகவில்லை.

நான் முன்பு வேலை செய்த எஸ்டேட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதியாதவருக்கு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேலை கொடுக்க மாட்டார். அந்த நினைப்பில், "அதோட பேர பதிஞ்சிட்டியாம்மா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மருமகள் திரும்பினாள். "ஐயோ அத்தே! உத்தரவு போற குரூப்ல அத சேர்க்கவே இல்ல!" சேர்த்ததும் உத்தரவு போய்விட்டது. "அம்மா, அத்தைக்கு இருக்கிற மூளை உனக்கு இல்ல பாரு!" என்று சிரித்தாள்.

சம்பந்தியின் முகம் சுருங்கியது. "நான் போயி தேத்தண்ணி கலக்குறேன்," என்று எழுந்தார். விருந்துக்கு வந்தவரை அடுப்படிக்கு விடக் கூடாது. தெரிந்தும் நான் தடுக்கவில்லை.

"எனக்குச் சீனி கம்மியா," என்றேன்.